மத்தவங்களுக்குச் சங்கடம்

தென்றல் அவென்யூவில் அந்த வீடுகள் வருவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் இருந்ததெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாற்கரச் சாலையை ஒட்டி அமைந்த மனைப்பிரிவு அது. நடுவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று உண்டு. பூங்கா வரவேயில்லை, உடைமரமும் நெருஞ்சியும் வந்தன. மாதாத்துறை என்ற கடற்கரை ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, கடைசியில் மாதா கோயில் கொடிமரத்தையும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த ஊர் சனங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்த பழைய நூற்பாலையின் சரக்குக் கிட்டங்கியில் தகரத் தடுப்பு வைத்துக் குடியமர்த்தினார்கள். தற்காலிகம் என்றார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பூங்கா நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, அதில் அவர்களுக்கு அடுக்கு வீடு கட்டலாம் என்பது அரசாங்கத்தின் யோசனை. நில உபயோக மாற்றத்துக்குப் புதிய சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த நிலத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய வீடுகளில் ஒரு வீடாவது மனமொப்பிச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் மனு மேலிடத்துக்குப் போகும். ஒருவருமே சொல்லாவிட்டால் அதோடு முடிந்தது, கிட்டங்கியே கதி.

சுவரை ஒட்டிய வீடுகளில் ஒன்று சுபாஷினியுடையது. வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மாதாத்துறை கடலோடு போனபோது தெருவில் வீடு வீடாகப் போய்க் கம்பளி சேகரித்தவள். அவள் வீட்டில் சமையலும் மேல்வேலையும் பார்க்கிற ரெக்ஸலின் அந்த ஊர்க்காரி. கிட்டங்கியில் எட்டாவது தடுப்பில், புருஷனும் மாமியாரும் இரண்டு பெண்பிள்ளைகளுமாக இருந்தாள்.

"அம்மா, ஒத்த வீடு சொன்னாப் போதுமாம்லா? சாமியாரு கோயில்ல வாசிச்சாவ" என்று ரெக்ஸலின் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நான் சொல்லுதேன். நீ எதுக்குக் கவலைப்படுத?" என்றாள் சுபாஷினி. சொன்ன பிறகு அவளுக்கே தன்மேல் ஒரு பிரியம் வந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் புதன்கிழமை சமுதாயக் கூடத்தில் நடந்தது. முன்வரிசைகளில் குடியிருப்போர் கொஞ்சம் பேர். பின்னால், நின்றும் உட்கார்ந்தும், மாதாத்துறைச் சனங்கள். மேடையில் அதிகாரி நஸ்ரின் மட்டும் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தாள். சின்ன வயசு, முகத்தில் தூக்கக் கலக்கம்.

"ஆரம்பிக்கலாமா? முதல் வீடு" என்று அவள் திரையைத் தொட்டாள்.

ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் வணக்கம் சொன்னது. பின்வரிசையில் இருந்த சூசை என்கிற வயசாளி எழுந்து கூடம் முழுக்கத் தேடினார். "ஆளக் காணோம், சத்தம் மட்டும் வருது? எங்க ஒளிஞ்சிருக்காவ?"

கூடம் சிரித்தது. நஸ்ரினும் சிரித்துவிட்டாள்.

"ஒளியல தாத்தா. முன்னாடியெல்லாம் கூட்டம் போட்டா ஒண்ணு யாரும் வரமாட்டாங்க, இல்ல வந்து நாற்காலியை உடைப்பாங்க. அதனால இப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சபைப் பெட்டி குடுத்திருக்கு. அது ரெண்டு மாசம் அந்த வீட்டு ஆளுங்ககிட்ட தினம் ஏதாவது கேக்கும். அண்டை வீட்டுச் சண்டை, தண்ணி, குப்பை, எது பிடிக்கும், எது பிடிக்காது. கேட்டுக் கேட்டு அந்த வீட்டம்மா, அந்த வீட்டு ஐயா இந்த விஷயத்துக்கு என்ன சொல்லுவாங்கன்னு கத்துக்கும். கூட்டத்துல அவங்க குரல்ல அதுவே பேசிரும்."

"மனசுல இருக்கதப் பேசுமா, வாயில வாரதப் பேசுமா?"

"என்ன சொல்லுவாங்களோ அதைப் பேசும்."

"அப்ப வாயில வாரதுதான்" என்று சூசை உட்கார்ந்துவிட்டார்.

முதல் வீட்டுக் குரல் தொடர்ந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆனந்தராஜின் குரல். "தனிப்பட்ட முறையில எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. பாவம், அவங்களும் மனுஷங்கதான். ஆனா பாருங்க, மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு ஒண்ணு இருக்கு." அடுத்த வீட்டில் ஒரு பெண்குரல்: "நான் எல்லார்கிட்டயும் பழகுறவ. மத்தவங்களுக்குத்தான் கொஞ்சம் ஒத்துக்காது." அதற்கடுத்த வீடு, தெருவின் அமைதியை விரும்பும் சில பெரியவர்கள் மனம் நோகக்கூடாதே என்று கவலைப்பட்டது. அதற்கடுத்தது, தாம் அசைவம் சாப்பிடுகிறவர் என்பதை முதலில் தெரிவித்துவிட்டு, சாப்பிடாதவர்களுக்காகப் பேசியது.

நாலாவது வீடு பேசும்போது பின்வரிசையில் களுக்கென்று ஒரு சத்தம் எழுந்தது. ஆறாவது வீடு பேசும்போது அது சிரிப்பானது. முன்வரிசைக்காரர்கள் தங்கள் குரலையே யாரோ எடுத்து விளையாடுவதுபோல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஸ்ரின் ஓரிடத்தில் நிறுத்தி, "ஒரு நிமிஷம்" என்றாள். "இதுவரைக்கும் பேசின யாருக்கும் பிரச்சினை இல்ல. சங்கடப்படுற அந்த மத்தவங்க எந்த வீடுன்னு தெரிஞ்சா, அங்கேயே நேரா கேட்டுரலாம்."

பின்வரிசையில் சிரிப்பு இன்னும் பெருத்தது.

சுபாஷினி அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டாள். பின்பக்கம் திரும்பி ரெக்ஸலினைத் தேடிப் பார்த்து, இரு, என் முறை வரட்டும் என்பதுபோல் கண்ணால் சொன்னாள். அப்படித் திரும்பிப் பார்த்ததைத்தான் பிறகு அவளால் நினைக்கவே முடியவில்லை.

அவள் குரல் வந்தது. கணீரென்று, கிளை மேலாளரின் குரல்.

"மாதாத்துறை மக்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். அவங்களுக்காகக் கம்பளி சேத்ததே நான்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்லா? எங்க வீட்டுல ரெக்ஸலின்னு ஒரு பொண்ணு வேலை பாக்கா. தங்கமான பொண்ணு. வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு வந்தா, பையை கேட்டுக்கு வெளியில கொக்கில மாட்டிட்டுத்தான் உள்ள வருவா. நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அவளாப் புரிஞ்சிக்கிட்டா. எல்லாரும் அவளை மாதிரி இருந்துட்டா பிரச்சினையே இல்ல. ஆனா இருப்பாங்கன்னு சொல்ல முடியாதுல்லா? அதனால இப்போதைக்கு வேண்டாம்னு தோணுது."

இந்த முறை பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சுபாஷினிக்குக் காதுமடல் எரிந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி அவள் முழங்கையைத் தொட்டு, "எவ்வளவு பக்குவமாச் சொல்லிட்டீங்க மேடம்" என்றாள்.

மீதி வீடுகளும் பேசி முடித்தன. சம்மதம் என்ற சொல் வரவில்லை. "யாராவது மாத்திச் சொல்லணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வார்டு ஆபீசுக்கு நேர்ல வாங்க. வாய்ல சொன்னாப் போதும்" என்று நஸ்ரின் அறிவித்தாள்.

கூட்டம் கலைந்ததும் சுபாஷினி மேடைக்கு ஓடினாள்.

"பெட்டி பழுது. நான் சம்மதம்னு சொல்ல இருந்தவ. அது பாட்டுக்கு என்னத்தையோ உளறியிருக்கு."

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். "பழுதெல்லாம் இல்ல மேடம். முதல் ரெண்டு நாள் கேள்விக்கு நீங்க பதில் சொல்லியிருக்கீங்க. மீதி எல்லாம் வீட்டு உறுப்பினர் மூணாவது ஆள் சொல்லியிருக்காங்க. ரெக்ஸலின்னு பேரு இருக்கு."

"அவ எப்படி எங்க வீட்டு உறுப்பினர்?"

"பெட்டி வைக்க வந்தவர் கேட்டப்போ நீங்கதான் சொல்லியிருக்கீங்க. நான், என் வீட்டுக்காரர், அப்புறம் ரெக்ஸலினும் எங்க வீட்டு ஆளு மாதிரிதான்னு."

சொன்னது உண்மைதான். பெட்டி வைக்க வந்தவர் முன்னால் அப்படிச் சொன்னபோது ரெக்ஸலின் காப்பி கொண்டுவந்து கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பெட்டியைச் சமையலறையில் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி கேட்டது. மூன்றாம் நாள் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது, "ஏதாவது கேட்டா நீயே சொல்லிரு ரெக்ஸலின்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிப்போனதும் இப்போது ஞாபகம் வந்தது. குக்கரை அணைக்கச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆனால் இப்படி ஞாபகம் வந்ததில் அவளுக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அப்பாடா, அது நான் இல்லை. அந்த வார்த்தைகள் என்னுடையவை இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் காலை ரெக்ஸலின் வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலச் சேலையைச் செருகிக்கொண்டு வாழைக்காயை எடுத்தாள். சுபாஷினி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எதும்மா?"

"பெட்டிகிட்ட. உன் வீட்டுக்கு நீயே மண்ணள்ளிப் போட்டுருக்கியே!"

ரெக்ஸலின் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் எனக்கா பேசினேன்? உங்களுக்குல்லாம்மா பேசினேன். உங்க வீட்டுப் பெட்டி, உங்களத்தான கேக்கு."

"நான் அப்படியா சொல்லுவேன்?"

ரெக்ஸலின் அவளை ஒரு கணம் பார்த்தாள். கேள்வி நிஜமாகவே கேட்கப்படுகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"சம்மதம்னுதாம்மா மொதல்ல சொன்னேன். எனக்கும் ஆசை இருக்காதா? அந்தப் பெட்டி ஒத்துக்கிடல. 'இந்தப் பதில் இந்த வீட்டின் மற்ற பதில்களோடு பொருந்தவில்லை, யோசித்து உண்மையைச் சொல்லுங்கள்'ன்னுச்சு. திரும்பவும் சம்மதம்னேன். திரும்பவும் அதையேதான் சொல்லிச்சு. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, எங்கம்மா இப்ப இங்க நின்னா என்ன சொல்லுவாவன்னு யோசிச்சேன். உங்க மாதிரியே கையக் கொஞ்சம் இப்பிடி வச்சிக்கிட்டு, 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு ஆரம்பிச்சேன். உடனே பச்ச லைட்டு போட்டுட்டு."

சுபாஷினி தன் வலது கையைப் பார்த்தாள். அது மார்புக்கு நேராக, விரல் விரித்து, ரெக்ஸலின் காட்டிய மாதிரியே நின்றது. கையை இறக்கினாள்.

"மீன் பையை வெளிய மாட்டச் சொல்லி நான் எப்ப சொன்னேன்?"

"மாட்டச் சொல்லல." ரெக்ஸலின் திரும்பவும் வாழைக்காயை எடுத்துக்கொண்டாள். "நான் வேலைக்கு வந்த மொத வாரம். 'எனக்கு ஒண்ணும் இல்ல ரெக்ஸலின், மத்தவங்க பாத்தா ஒரு மாதிரியா இருக்கும்'னிய. மக்யா நாளு வந்து பாத்தா கேட்டுக்கு வெளியில புதுசா கொக்கி அடிச்சிருந்துச்சு. எதுக்குன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல."

தச்சரை அழைத்து அந்தக் கொக்கியை அடிக்கச் சொன்னது சுபாஷினிதான். குடை மாட்டுவதற்கு என்று தச்சரிடம் சொன்னாள். தனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மழை நாளில்கூட அதில் யாரும் குடை மாட்டியதில்லை.

"நீங்க மட்டுமா?" ரெக்ஸலினுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வரிசைல பாதிப் பொட்டிக்கு நாங்கதாம்மா பதில் சொன்னோம். செல்வராணி அவ வேல பாக்க வீட்டு ஐயா மாதிரியே தொண்டையச் செருமிட்டுப் பேசுவா. சாயங்காலம் கிட்டங்கில உக்காந்து, யாரு வீட்டுப் பொட்டி சீக்கிரம் பச்ச லைட்டு போட்டுச்சுன்னு போட்டி. சூசை தாத்தாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிட்டு." சிரிப்பு நின்றது. "நேத்து கேக்கையிலதான் அவருக்கும் விளங்கிருக்கு. எங்க வீட்ட நாங்களே வேண்டாம்னுருக்கோம்னு."

"நேத்தே நீ சொல்லியிருக்கலாமே! நான்தான் பேசுதேன்னு வாக்குக் குடுத்தேன்ல?"

"அதனாலதாம்மா நான் கவலப்படல. பொட்டி என்னவும் சொல்லிட்டுப் போவட்டும், அம்மா நேர்ல எந்திரிச்சுச் சொல்லிருவாவன்னு இருந்தேன். நீங்க எந்திரிக்கல."

பெட்டிகள் பேசும்போது ஆட்கள் குறுக்கிடக்கூடாது என்ற விதியை சுபாஷினி சொல்ல வாயெடுத்தாள். அப்படி ஒரு விதி இருந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதை நினைத்தா உட்கார்ந்திருந்தாள்? பக்கத்து நாற்காலிக்காரி பக்குவம் என்றபோது தலையைக் கூட அசைத்தாள்.

"நாளைக்கு நான் போய் மாத்திச் சொல்லிட்டு வாரேன். நீயும் வா."

"நான் எதுக்கும்மா? உங்க வாய்தான வேணும்." ரெக்ஸலின் வாழைக்காயை நறுக்க ஆரம்பித்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல், "ஒத்தச் சொல்லுதாம்மா. சின்னவளுக்குத் தகரத்து வெக்கைல ராத்திரி மூச்சு இழுக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் போகும்போது சுபாஷினி அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சம்மதம். ஆட்டோக்காரர், "என்னம்மா?" என்று திரும்பினார். ஒன்றுமில்லை என்றாள். எளிய சொல். தமிழில் இதைவிட எளிதாக ஒன்றைக் கேட்டிருக்க முடியாது.

வார்டு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெஞ்சில் ஆனந்தராஜ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூடவே தெருக்காரர் இருவர்.

"வாங்க மேடம். நாங்க தண்ணி வரி விஷயமா சும்மா வந்தோம்" என்றார் ஆனந்தராஜ். நகர்ந்து இடம் கொடுத்தார். "நீங்க மாத்திச் சொல்லப் போறதா ஒரு பேச்சு. தாராளமாச் சொல்லுங்க. உங்களுக்குப் பெரிய மனசு. நாளைக்குச் சுவத்து மேல கருவாடு காஞ்சாலும் நீங்க பாத்துக்கிடுவீங்க. என்ன, சாயங்காலம் மாடியில உக்காந்து தென்றல் வாங்குறவங்க நாலு பேருக்குத்தான் கொஞ்சம்..."

"எனக்குக் கருவாடு ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றாள் சுபாஷினி.

"எனக்கு மட்டும் பிரச்சினையா மேடம்? நான் வாரத்துல மூணு நாள் சாப்பிடுறவன்!" தெருக்காரர்கள் சிரித்தார்கள்.

"சார், கொஞ்சம் சத்தம் இல்லாம இருங்க" என்று நஸ்ரின் அதட்டிவிட்டு ஒலிவாங்கியை சுபாஷினி பக்கம் தள்ளினாள். கேள்வியை வாசித்தாள். "உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய நிலத்தில் மாதாத்துறை மக்களுக்கு வீடு கட்ட உங்களுக்குச் சம்மதமா? உங்க வார்த்தையில சொல்லுங்க மேடம்."

சுபாஷினி வாயைத் திறந்தாள். வலது கை தானாக எழுந்து மார்புக்கு நேரே வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

நஸ்ரின் காத்திருந்தாள். "ஒண்ணும் இல்லன்னா சம்மதம்தானே மேடம்? அந்த வார்த்தை வந்தாத்தான் பதியும்."

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஆனந்தராஜ் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சுவரில் ஒட்டிய டெங்கு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று சுபாஷினிக்குத் தோன்றியது. தெருவில் நடந்தால் எல்லாரும் விளம்பரம் வாசிப்பார்கள். பொங்கல் விழாவுக்குக் கூப்பிடுவார்கள், நாற்காலியும் போடுவார்கள், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். ரெக்ஸலினின் சின்னவளை நினைத்துப் பார்த்தாள். பிள்ளையின் முகம் ஞாபகம் வரவில்லை. எத்தனையோ முறை பின்வாசலில் நின்றிருக்கிறது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மறுபடியும். "ஆனா... மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்லா?"

தன் குரல் ஒலிபெருக்கியில் வருகிறதோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை. வாயில் எச்சில் வற்றியிருந்தது. சொன்னது அவள்தான்.

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் தூக்கக் கலக்கம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"முன்னாடி பதிஞ்சதுக்கும் இப்ப சொன்னதுக்கும் வித்தியாசம் இல்லன்னு வருது மேடம். அப்படியே விட்டுரலாமா?"

சுபாஷினி தலையாட்டினாள்.

"தலையாட்டினா பதியாது மேடம்."

"விட்டுருங்க" என்றாள்.

ஆனந்தராஜ் அவளைத் தன் காரிலேயே வீட்டில் இறக்கிவிட்டார். வழியில் தண்ணீர் வரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கேட்டுக்கு வெளியே கொக்கியில் மஞ்சள் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் ஈரம். இதையாவது எடுத்து உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்று சுபாஷினி கை நீட்டினாள். பையின் காதைப் பிடித்தும்விட்டாள். கார் இன்னும் திரும்பிப் போகவில்லை. கையை எடுத்து, கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

ரெக்ஸலின் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள். சரி, ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று சுபாஷினி நினைத்தாள். ஆனால் கேட்டாள்.

"கேட்டாவளாம்மா?"

"கேட்டாங்க."

துணியைப் பிழிந்து குழாய் மேல் விரித்துப் போட்டாள் ரெக்ஸலின். கையைச் சேலையில் துடைத்தாள். மிக்சிக்குப் பக்கத்தில் பெட்டி சின்னப் பச்சை வெளிச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல், சுபாஷினியையும் பார்க்காமல், போகிற அவசரத்தில் கேட்பவள்போல் கேட்டாள்.

"அப்ப நான் சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்லையேம்மா?"

"இல்ல" என்றாள் சுபாஷினி. கொஞ்சம் பொறுத்து, "சரியாத்தான் சொல்லியிருந்த" என்றாள்.